உறை

தலைகீழாகத் தொங்கிப் பார்க்கலாமா என்று
விர்ஜிலிடம் கேட்டேன்.
மீன்வலை, பூட்ஸ் ஓட்டைக்குப் பசை,
காபித்தூள், தோட்டா
எல்லாவற்றுக்கும் ஒரே கல்லா வைத்திருப்பவர்.
எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.
பின்னறையில் மான் தொங்கவிடும் கம்பி இருக்கிறது,
தாங்கும், என்றார்.

அதற்கு முன்னால்
துப்பாக்கியில் குண்டில்லை என்று
அவர் இரண்டு முறை பார்த்தார்.
நான் மூன்று முறை.

முதலில் தோல் உறை.
அழகுதான். ஓரமெல்லாம் இலைக்கொடித் தையல்.
கோடியாக்கில் ஜூலை என்றால் மழை,
ஆகஸ்ட் என்றால் இன்னும் கொஞ்சம் மழை.
நனைந்த தோல் நெகிழும்,
நெகிழ்ந்தது ஒருநாள் கைவிடும்.
போன வருஷம் என்னிடம் இருந்தது அதுதான்.

அடுத்தது இடுப்பில் மாட்டுவது.
முதுகுப்பையின் வார்
அதன் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.
வாரை விலக்கி, மழைச்சட்டையைத் தூக்கி,
கை போய்ச் சேர்வதற்குள்
கரடி வந்து, நலம் விசாரித்து,
போயும் இருக்கும்.

துணி உறை லேசு, விலையும் பாதி.
வெளியிலிருந்து விரலால் அழுத்தினேன்,
விசை தட்டுப்பட்டது.
என் விரலுக்குத் தெரிந்தால்
ஆல்டர் புதரின் குச்சிக்கும் தெரியும்.

நாலாவது, மார்பில் குறுக்காகக் கட்டுவது.
துப்பாக்கியின் உருவத்துக்கே வார்த்த
கெட்டி பிளாஸ்டிக்.
செருகியதும் டக் என்றது.
விசை முழுக்க மூடியிருந்தது.
கட்டைவிரல் ஒரு இடத்தில் அழுத்தினால்தான் விடும்,
வேறு யார் இழுத்தாலும், எது இழுத்தாலும்
விடாது.

கரடிக்குத்தானே, என்றார் விர்ஜில்.
ஆமாம் என்றேன்.

போன ஆகஸ்ட்,
ஓடைக்குக் குறுக்கே கட்டிய தட்டியில் நின்று
மேலேறும் சால்மனை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அதற்குத்தான் சம்பளம்.
அன்றைக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.
எண்ணிக்கையில் பிசகு வந்ததே இல்லை எனக்கு.
கூடாரத்துக்கு வந்து பெல்ட்டைக் கழற்றினால்
உறை இருக்கிறது.
இடுப்பில் எடை குறைந்ததை
பசி என்று நினைத்திருக்கிறேன்.

கயிற்றில் காந்தம் கட்டி
இரண்டு நாள் ஓடையைத் துழாவினேன்.
தூண்டில் முள் ஆறு, ஒரு கரண்டி,
யாருடையதோ படகின் ஆணி.
நிக்கிஃபோரிடம் மட்டும் சொன்னேன்.
கரடி கையில் கிடைத்திருந்தால் கவலையில்லை,
அதற்குச் சுடத் தெரியாது, என்றான்.
சிரித்தோம்.

மூன்றாம் நாள் காலை
கூழாங்கல் மேட்டில் நடந்து வந்தான் மக்கார்,
பெலகேயாவின் கடைசிப் பையன், ஏழு வயது.
மீனை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி,
குழல் அவன் வயிற்றைப் பார்க்க.
பின்னால் பெர்ரி வாளியோடு அவன் அக்கா.
இது உங்களுடையதா, என்றான்.
இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கரடிக்கு எதிரே நின்றிருக்கிறேன்,
பத்துப் பன்னிரண்டு முறை.
ஒரு முறைகூட அப்படி உறைந்ததில்லை.
கீழே வை கண்ணு, மெல்ல, என்று
என் வாய் சொன்னது.
கல்லின் மேல் வைத்தான்,
பூனைக்குட்டியை வைப்பதுபோல.

மறுநாள் பெலகேயா ஒரு பாட்டில் ஜாம் கொடுத்தனுப்பினாள்.
அவளுக்குத் தெரியுமா, தெரியாதா,
அதுவும் எனக்குத் தெரியாது.
பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

நாலாவது உறையைக் கட்டிக்கொண்டு
கம்பியில் காலை மடக்கித் தொங்கினேன்.
சில்லறை விழுந்தது, பேனா விழுந்தது,
மூக்குக்கண்ணாடி விழுந்தது,
மீன் எண்ணும் கருவி விழுந்து
ஒரு எண் கூடியது.
விர்ஜில் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.
அது அசையவில்லை.

போதுமா, என்றார்.
ரத்தம் தலைக்கு இறங்கி
கடை முழுக்க சிவப்பாகத் தெரிந்தது.
இன்னொரு முறை, என்றேன்.
குலுக்கினார்.
இன்னொரு முறை.