இரண்டாவது பூச்சு

கோவில்பட்டியில்
தூரிகையைத் தாளிலிருந்து எடுப்பதற்குள்
வண்ணம் காய்ந்துவிடும்.
ஆகாயத்தை அவசரமாகப் பூசியே பழகியவன்.
அப்புத்தளையில்
காலை ஆறரைக்குப் போட்ட ஆகாயம்
பதினொன்றுக்கும் தளும்பிக்கொண்டிருக்கிறது.

எழுந்ததும் முதல் வேலை சன்னலைச் சாத்துவது.
சாத்தாவிட்டால் பனிமூட்டம் உள்ளே வந்து
நேற்றைய படத்தின்மேல் உட்காரும்,
எருமை கரையேறும்வரை
யாராலும் கிளப்ப முடியாதது போல.

யோகமலர் எட்டாம் வகுப்புக்குக்
கணக்கெடுக்கப் போன பிறகு
பாண்காரரின் ஆட்டோ பாட்டோடு ஏறி வரும்.
முதல் மாதம் அவரிடம் 'ரொட்டி' என்றேன்.
பாவம், பெட்டி முழுக்கத் தேடிவிட்டு
இல்லை என்று கையை விரித்தார்.
எதிரே அடுக்கியிருந்தது அத்தனையும்
நான் கேட்டதுதான்.

கொழும்பில் விசா எடுக்கப் போன அன்று
வேலை எதுவும் செய்யக்கூடாது என்றார் அதிகாரி.
படம் வரைவேன் என்றேன்.
அது பரவாயில்லை என்றார்.

ஆகவே நான் எழுதித் தரும் பலகைகளுக்குக்
காசு வாங்குவதில்லை.
லீக்ஸ் வாங்குகிறேன். கரட் வாங்குகிறேன்.
சலூன்காரர் மாதம் ஒருமுறை தலையை வாங்கிக்கொள்கிறார்.

ஒரு பலகைக்கு மூன்று மொழி.
தமிழை எழுதுவேன்.
ஆங்கிலத்தை அளவெடுத்து எழுதுவேன்.
சிங்களத்தை வரைவேன்.
மாதிரிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
ஒவ்வொன்றாய்ப் பார்ப்பேன்:
சுருண்டு படுத்த பூனை,
ஜாடியின் காது,
மூடி கழன்ற சிமிழ்,
எதற்கோ தலையாட்டும் யானைக்குட்டி.
என்ன சொல்கின்றன என்று தெரியாததால்
அவற்றின் இடுப்பு வளைவு
எனக்குச் சரியாக வந்தது.
இங்கேயே பிறந்தவர்கள்கூட
இவ்வளவு அழகாக எழுதுவதில்லை என்றார் சலூன்காரர்.

பிறகு எனாமல் காய வேண்டும்.
அறுபது வாட் பல்பு, யோகமலரின் ஹேர் டிரையர்,
மின்சாரம் போனால் என் மூச்சு.
முதல் பூச்சுக்கும் இரண்டாவதற்கும் நடுவே
இரண்டு நாள்.
அந்த இரண்டு நாளில்தான் என் சொந்தப் படங்கள் எல்லாம்.

போன செவ்வாய்க்கிழமை,
வெலிமடை பஸ்ஸில் சன்னலோரம்,
பாடசாலை வளைவில் என் பலகை எதிரே வந்தது.
ஏழு மாதத்துக்கு முன் எழுதியது.
சும்மா பார்த்தேன்.
பூனை வாய் திறந்தது.
ஹெ.
பக்கத்தில் இருந்தது மி.
கேட்காமலே, என் அனுமதி இல்லாமலே,
அது ஒரு சொல்லாகிவிட்டது.

ஹெமின. மெதுவாக.
இல்லை, 'ஹெமின்' என்றல்லவா இருக்க வேண்டும்?
கடைசி எழுத்தின் தலையில் ஒரு சிறு கொடி.
நம் புள்ளிக்கு அங்கே அதுதான்.
மாதிரிச் சீட்டில் இருந்திருக்கிறது.
பேனா கசிந்த கறை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஏழு மாதம்.
ஒருவரும் சொல்லவில்லை.
"நீ பாக்கலியா?" என்று யோகமலரிடம் கேட்டேன்.
விடைத்தாளிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
"பாத்தேன். எந்த டிரைவர் வளைவுல
புள்ளி எண்ணிக்கிட்டு ஓட்டுறான்?"

அன்றிலிருந்து பலகை எழுதத் தாமதமாகிறது.
யானைக்குட்டி யானைக்குட்டியாக இல்லை.
அரிசி விலை சொல்கிறது, உள்ளே வராதே என்கிறது.
கை நடுங்கி
என் கோடுகள் எல்லார் கோடுகளையும் போல ஆகிவிட்டன.

இன்று காலை
வெள்ளை டப்பாவும் மெல்லிய தூரிகையுமாய்
வளைவுக்குப் போனேன்.
தார்ப் பீப்பாய்மேல் ஏறிக் கொடியை நட்டேன்.
நட்டு முடிக்கவும் மூட்டம் இறங்கவும் சரியாக இருந்தது.
இறங்கி, ரோட்டில் ஒரு காலும் கானில் ஒரு காலுமாய் நின்று
அந்த ஒரு விரல் வெள்ளைக்கு மட்டும்
குடை பிடித்தேன்.

பதுளை பஸ் ஒன்று வேகம் குறைத்தது.
என்னைப் பார்த்துத்தான்.
கண்டக்டர் வெளியே சாய்ந்து
சிங்களத்தில் நீளமாய் ஏதோ கேட்டார்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
இன்னும் காயவில்லை என்று
தமிழில் சொன்னேன்.