மேசை ஒன்று, சூடு பட்டது

குதாய்சியில், ஏழாம் மாடிக்கு,
காசு போட்டால்தான் நகர்கிற லிஃப்டில்
ஏறி வந்தார் இராக்லி,
கையில் கோடு போட்ட தாள்:
குளிர்பெட்டி நூற்றைம்பது லாரி,
கட்டில் இருநூறு, மெத்தை சும்மா,
அக்ரூட் மர மேசை நூற்று இருபது.

கட்டிலை நான் கேட்கவே இல்லை.
புரண்டால் கத்தும் அது.
என் தூக்கத்தின் வரவுசெலவு அத்தனையும்
கீழ்வீட்டு லமாராவுக்குத் தெரியும்.

மேசை போதும் எனக்கு என்றேன்.
சொல்லி முடிக்குமுன்
துணியைத் தூக்கிவிட்டார்.

ஆறு வருடம் நான் தூக்காத துணி.
அடியில் அது:
முதல் குளிர்காலத்தில்
மின்சாரம் போன ஒரு விடியற்காலை
காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி
கண்மண் தெரியாமல் வைத்த வட்டம்,
கருத்து, ஓரத்தில் வெடித்து.

"முன்பணத்தில் எண்பது லாரி பிடிப்பேன்."
"மேசைக்கு?"
"அது நூற்று இருபதுதான்."

மேசை உங்களுடையது என்றால்
சேதம் எண்பது, ஒப்புக்கொள்கிறேன்.
என்னுடையது என்றால்
என் மேசையை நான் சுட்டேன், உங்களுக்கென்ன?
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி?

இராக்லிக்கு மீசை உண்டு.
அதைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.
ரியோனி ஆறு, மார்ச் மாதத்து மண் நிறத்தில்,
யார் பக்கமும் சேராமல் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டாம் மாதமே தெரியும்," என்றார்.
"எல்லாரும் பூச்சாடியை நடுவில் வைப்பார்கள்.
நீ ஓரத்தில் வைத்தாய்."

அப்படியானால் எழுபது தடவை
ஒன்றாம் தேதி தோறும் வந்து உட்கார்ந்து,
எச்சில் தொட்டு நோட்டு எண்ணி,
சாடியை ஒரு விரல்கூட நகர்த்தாமல்…
ஏன் கேட்கவில்லை?

"அப்போது நீ குடியிருப்பவள்.
மாதாமாதம் முகத்தில் முழிக்க வேண்டும்.
இப்போது வாங்குகிறவள்."

தொண்ணூறில் முடிந்தது.
முன்பணத்தில் கை வைக்கவில்லை.
ரசீது கட்டாயம் என்று
காஸ் பில்லின் பின்பக்கம் எழுதினார்:
மேசை ஒன்று, சூடு பட்டது, பெற்றுக்கொண்டேன்.
யார் பெற்றார், எதை என்று
அதில் இல்லை.

லிஃப்டுக்குள் மேசை நுழையவில்லை.
கோச்சா கவிழ்த்துத் தலையில் ஏற்றினான்,
நாலு காலும் வானம் பார்க்க.
பின்னாலேயே இறங்கினார் இராக்லி,
திருப்பத்துக்குத் திருப்பம்
"மூலை, மூலை, பார்த்து" என்றபடி.
லிஃப்டுக்கென்று எடுத்த காசு
இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

பத்தூமியில் வாடகை வங்கி வழியாகப் போகிறது.
ஒன்றாம் தேதி யாரும் வருவதில்லை.
துணி விரிக்கவில்லை.
புதுப் பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்க
அதே வட்டத்தில் வைக்கிறேன்.
பொருந்தவில்லை, இது சின்னது.
பழையதை
அவர் அடுப்பின் மேலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன்,
ரசீது இல்லாமல்.