கால்மணிக்கொரு தரம்

டல்சாவில் மழை.
படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினாள் லவோன்டா.
தூக்கம் வருகிறதா? இல்லை.
அடுத்த கேள்வியில் பேனா நின்றது:
தண்டனை பெற்றதுண்டா?

சிறையில் கொடுத்தனுப்பிய மாத்திரை
இரண்டு வாரத்துக்கு.
இது ஐந்தாவது வாரம்.
டாக்டரைப் பார்க்கக் கிடைத்த ஒரே செவ்வாய்க்கிழமை
பரோல் அதிகாரிக்கும் உரியது.
அவரிடம் போகாவிட்டால் மறுபடி உள்ளே.

உண்டு என்று குறித்தாள்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் படித்துவிட்டுக்
கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.
"கூப்பிடுகிறோம்."

உள்ளே இருந்தபோது
கால்மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்,
மூச்சு இருக்கிறதா என்று.
சனியனே, தூங்க விடு என்று திட்டியிருக்கிறாள்.

இப்போதும் கால்மணிக்கொரு தரம்
விழிப்பு வந்துவிடுகிறது.
இருட்டு.
வெளிச்சத்துக்காகக் காத்துப் பார்க்கிறாள்.
பிறகு தானே
மூக்கின்கீழ் விரல் வைத்துக்கொள்கிறாள்.