ஊதுபத்தி வைத்துப் பார்த்தது

முதல் முடிச்சுக்கும் இரண்டாம் முடிச்சுக்கும் நடுவில்தான் அணைகிறது.
மூன்று இரவாக இதே இடம்.
செக்கானூரணி மண்டபம், கெட்டிமேளம்,
பாண்டிமுருகன் குனிகிறான், கட்டுகிறான்,
அவன் தங்கையின் கை திரைக்குள் வருவதற்குள்
எல்லாம் கறுப்பு.

கடைசியாகக் கண்ணில் பட்ட எண் தொண்ணூற்றாறு.
வெளியே செல்லூரில் பகலெல்லாம் நாற்பத்தொன்று.

பெட்டி நான் செய்தது.
கடைப்பெட்டிக்கு ஐயாயிரம் சொன்னார்கள்.
சமையலறை அலமாரி போக மிஞ்சிய பிளைவுட்
கட்டிலுக்கடியில் கிடந்தது.
டிபன் மூடியைக் கவிழ்த்து வட்டம் வரைந்து
வாடகை டிரில்லால் சுற்றிப் பொத்தலிட்டு
தட்டி எடுத்தேன்.
முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன்.
ஆசைக்கு வார்னிஷ் வேறு.
சுப்புராம் பார்த்துவிட்டு
"உள்ளே சாமி படம் வைக்கலாம்" என்றான்.

மேற்குச் சுவர்தான் காரணமென்று
மேசையை நகர்த்தினேன். குறையவில்லை.
பக்கப் பலகையைக் கழற்றி
டேபிள் ஃபேனை நேராகத் திருப்பினேன்.
எண்பதுக்கு இறங்கியது, ஆனால்
மூன்று வீடு தள்ளி விசைத்தறி, துண்டு நெய்கிறார்கள்.
ஊர் முகம் துடைக்கப் போகிற துண்டின் பிசிரெல்லாம்
விடிவதற்குள்
என் கிராஃபிக்ஸ் கார்டில் படுத்திருந்தது.
பலகையைத் திரும்ப மாட்டி, ஃபேன் வாய்களில்
கொசுவலையை இரண்டாக மடித்து அடித்தேன்.
பிசிர் நின்றது.
காற்றும் நின்றது.

இரவு இரண்டு மணிக்கு ஊதுபத்தி.
முன்னால் காட்டினேன்: புகை சமர்த்தாக உள்ளே போனது.
பின்னால் காட்டினேன்:
அங்கேயும் உள்ளேதான் போனது.

திருமங்கலம் பஸ்ஸில்
இரண்டு படியிலும் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்,
இறங்க வேண்டியவன் நடுவில்
பையோடு நிற்கிறான்.
அந்தச் சூடுதான் இத்தனை நாள்
உள்ளே நின்றுகொண்டிருந்தது.

டார்ச் அடித்துத் தேடினேன்.
ஃபேன் சட்டத்தின் ஓரத்தில், வார்னிஷுக்கு அடியில்
நகக்கண் அளவு அம்புக்குறி.
நானே பூசி மறைத்தது.

நாலு திருகு. திருப்பி மாட்டினேன்.
குறுக்கே தொங்கிய வயர்களைத்
தறிக்கழிவு நூலால் ஓரமாகக் கட்டினேன்.
கொசுவலை இனி முன்பக்கம் மட்டும், ஒற்றையாக.
மேலே ஒரு பொத்தல் புதிதாக;
கையாடி, கடித்த அப்பளம் மாதிரி வந்தது.
இருக்கட்டும், சூடு வட்டமா என்று பார்த்துப் போகாது.

இன்னொரு ஊதுபத்தி.
புகை முன்னால் நுழைந்து
தகட்டு இடுக்குகளில் தயங்கி
பின்வழியே வெளியேறி
ஜன்னல் கம்பியைத் தாண்டியது.
தெருவில் ஷிஃப்ட் முடிந்து போன யாரோ
"இந்நேரத்துல யார் வீட்ல பூஜை?" என்றார்.

எழுபத்திரண்டு.
தங்கையின் கை திரைக்குள் வந்தது,
இரண்டாம் முடிச்சு, மூன்றாம் முடிச்சு,
யாருடைய மோதிரத்திலோ சிக்கிய அட்சதை.
அந்தக் கல்யாணம் ஒருவழியாக முடிந்தது.

பெட்டிக்குப் பின்னால் பாயில்
சுப்புராம் காலை மடக்கிக்கொண்டான்,
தூக்கத்திலேயே, கணுக்காலில் வெந்நீர் பட்டவன்போல.
பெட்டியிலிருந்து போன சூடு
வேறெங்கும் போய்விடவில்லை.
பத்துக்குப் பத்து அறை,
ஒரே ஜன்னல், எதிர்ச்சுவர் மொட்டை.

வீட்டுக்காரர் ஞாயிறுதான் வருவார்.
டிபன் மூடியை எங்கே வைத்தேன்
என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.