வெடிக்கும் வரிசை

ஏரி உறைந்து ஐந்தாவது வாரம்.
துளையிட்டு அளந்தேன்:
நாற்பத்தாறு சென்டிமீட்டர்.
விர்வே தலையாட்டினாள். போதும்.
நகராட்சியில் தண்ணீர்க் கணக்கு எழுதுகிறவனை
அவள் துணைக்குச் சேர்த்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.
இன்னொன்று,
என்னிடம் தீயணைப்பான் இருந்தது.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தாள் அதை.
மோட்டார் சைக்கிள் என்கிறாள்.
சக்கரம் இரண்டு, கைப்பிடி ஒன்று,
கவிழாதிருக்கப் பக்கத்துக்கொரு சறுக்குக் கட்டை.
நடுவில்,
கூட்டுப்பண்ணைக் காலத்தில்
எஸ்டோனியாவின் உருளைக்கிழங்கு வயல்களுக்கு உரம் தூவிய
இரட்டை இறக்கை விமானத்தின் நெஞ்சு.
வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள்,
மொத்தம் முப்பது லிட்டர்.
என் காருடையது ஒன்றரை.

பகலெல்லாம் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்ப்பவள்.
நிறுத்துவது வேலை,
ராத்திரிக்கு இது.

மடக்கு நாற்காலியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஹெய்னோ கேட்டார்:
"எதற்கம்மா இவ்வளவு பெரிசு?"
"சின்னதாயிருந்தால் நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்."
நாற்காலியை இருபதடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.
வீட்டுக்குப் போகவில்லை.

முதலில் கையால் சுற்ற வேண்டும்.
கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருக்கும்,
அவசரப்பட்டால் தண்டு வளைந்துவிடும்.
இருவரும் சுற்றினோம், ஒன்பது முறை,
உறைந்த மாட்டைப் புரட்டுவதுபோல.
பிறகு பதினைந்து லிட்டர் பெட்ரோல்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"வரிசை ஞாபகமிருக்கா?"
மனப்பாடம் செய்திருந்தேன், ஆறாம் வாய்ப்பாடுபோல:
ஒன்று மூன்று ஐந்து ஏழு ஒன்பது
இரண்டு நான்கு ஆறு எட்டு
மறுபடி ஒன்று.
ஒன்று விட்டு ஒன்றாகத்தான் வெடிக்கும்.
இரண்டு சுற்று சுற்றினால்தான்
எல்லோருக்கும் முறை வரும்.

ஸ்டார்ட்டர் முனகியது, ஏறியது, கீச்சிட்டது.
ஒரு இருமல்.
நீலப் புகை.
இன்னொரு இருமல், அப்புறம்
அப்புறம் சத்தம் என்று சொல்ல முடியாது,
காதுக்கே வரவில்லை அது,
பனிக்கட்டிக்குள் இறங்கி
பூட்ஸ் வழியாக முழங்காலுக்கு ஏறி
பல்லில் வந்து உட்கார்ந்தது.
காப்பிக் கோப்பையில் வளையங்கள்.
தூண்டில் துடிக்க, ஹெய்னோ வெடுக்கென்று இழுத்தார்.
கடித்தது மீனல்ல.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
அது பிற்பாடுதான் தெரிந்தது, தாடை வலித்தபோது.
குழாயில் சொட்டும் துளிகளை எண்ணி
அபராதம் எழுதும் கை
தீயணைப்பானைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தது,
கோப்பை வென்றவன்போல.

கிளம்பினாள்.
முடுக்கிய கணம்
வண்டி இடப்பக்கம் சாய்ந்தது,
இன்னும் விமானம் என்றே நினைத்துக்கொண்டதோ என்னவோ,
சறுக்குக் கட்டை முறிகிறாற்போல் வளைய
பின்சக்கர ஆணிகள் பனியை மாவாக்கி என் முகத்தில் எறிய
ஆளும் இல்லை வண்டியும் இல்லை,
வெள்ளையாய் ஒரு மேகம் மட்டும்
எதிர்க்கரையைப் பார்த்து ஓடியது.

இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
எண்ணெய்க் குழாய் பிய்த்துக்கொண்டது.

ஓடினேன், விழுந்தேன், ஓடினேன்.
நெருப்பில்லை.
தலைமுதல் கால்வரை கறுப்பெண்ணெய்,
நடுவில் பல் மட்டும் வெள்ளை.
"ஏழு பற்றவேயில்லை," என்றாள்.
எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் படித்தேன்.
"எட்டில்தான் வந்தேன். ஒன்பதும் பற்றினால்..."
முடிக்கவில்லை.
இரண்டு பேரும் எதிர்க்கரையைப் பார்த்தோம்.
அது சற்று அருகில் வந்துவிட்டதுபோல் இருந்தது.

ராத்திரி மைனஸ் இருபத்திரண்டு.
குளிர் இறுக இறுக ஏரி வெடிக்கும்,
ஒவ்வோர் ஆண்டும் கேட்பதுதான்.
கரையோரம் ஒன்று.
நடு ஏரியில் மூன்று.
எங்கோ நாணற்பக்கம் ஐந்து.
பிறகு நிசப்தம்.

போர்வையை விலக்கி உட்கார்ந்திருக்கிறேன்.
தெருவுக்கு அந்தப் பக்கம்
விர்வேயின் பட்டறையில் விளக்கு எரிகிறது.
ஏழு இன்னும் வரவில்லை.