எழுத்தோட்டம்

முதல் படத்தில் அவர் பெயர் பூபாலரெத்தினம்.
இரண்டாவதில் இடம் போதாமல் பூபாலன்.
சிங்களப் படத்தில் யாரோ ரத்னபால என்று எழுதிவிட்டார்கள்,
சம்பளமும் அந்தப் பெயருக்கே வந்தது.
களுவாஞ்சிக்குடித் தபாற்கந்தோரில்
மணியோடரைக் கையில் வைத்துக்கொண்டு நான்
இப்படி ஒருவர் இந்த விலாசத்தில் இல்லையென்று
சட்டப்படி திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.
முத்திரை குத்தினேன்.
வீட்டில் அரிசி இல்லை.

எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், பழைய பேரேட்டில்:
இன்ஸ்பெக்டர் நாலு தரம்.
பாதிரியார் மூன்று, அதில் ஒருவர் கள்ளன்.
ஒரு முதலாளி. வேறொரு படத்தில்
அதே மாதிரி முதலாளிக்குக் கார் ஓட்டுகிறவர்.
கண்ணாடியைக் கழற்றி "இனிக் கடவுள்தான்" என்கிற டாக்டர்,
எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஒரு புடைவைக் கடைக்காரராக நடிக்க
காத்தான்குடியில் ஹனிபா நானாவின் கடையில்
இரண்டு கிழமை போய் இருந்தார்.
படம் வந்தபின் நானா சொன்னாராம்:
"தொப்பி சரி. சீலை மடிக்கிற கைதான் பிழை."
இரண்டு நாள் இந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

செத்தது பதினொரு தரம்.
ஒரு ஞாயிறு இரவு டீவியில்
கதாநாயகனின் மடியில் தலை வைத்து
மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்.
எனக்குப் பக்கத்தில் புட்டுக் கோப்பையோடு இருந்தவர்
"சம்பல் இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.
போட்டேன். மறுகா அழுதேன்.
ஆருக்காக அழுறாய் என்று கேட்டார்.
சொல்லத் தெரியவில்லை.

புணாணைச் சாவடியில் ஒருமுறை
பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கினார்கள்.
ஒரு சார்ஜன் இவரை அடையாளம் பிடித்தான்.
ஆராச்சியாக நடித்தவர்!
கதிரை வந்தது. பிளேன்டீ வந்தது.
மற்றவர்கள் பையைத் திறந்தபடி
வெயிலில் வரிசையாக.
"குடிச்சீங்களா?"
"குடிச்சன். சீனி கூட."
அந்தச் சீனியைப் பற்றி அதற்குப் பிறகு
நாங்கள் பேசவில்லை.

அடுத்த வருடம் அதே பாதை, வேறு சார்ஜன்.
பைக்குள் இன்ஸ்பெக்டர் உடுப்போடு எடுத்த படம்.
இந்த உடுப்பு உனக்கு எங்கால?
ஒரு இரவு, ஒரு பகல்,
அடுத்த இரவில் பாதி.
கிறுகி வீட்டுக்கு வந்தவர் கிணற்றடிக்குப் போனார்.
விடியும்வரை வாளிச் சத்தம்.
நான் கேட்கவில்லை.
ஒட்டி மூடிய கடிதத்தைத் திறப்பது
என் உத்தியோகத்தில் குற்றம்.

எட்டு வருடம் கழித்து
மட்டக்களப்பில் படம் பார்க்கிறோம்.
விசாரணைக் காட்சி. இவர் கைதி.
அதிகாரி இன்னும் வாய் திறக்கவில்லை,
அதற்குள் இவர்
பெருவிரல் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடித்து
ஒளிக்கிறார்.
வசனம் இல்லை. ஐந்து நொடி இருக்கும்.
பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.
இதை எங்கே பழகினீங்க என்று
டைரக்டர்கூடக் கேட்டாராம், இவர் சிரித்தாராம்.
கடிதம் பிந்தி வந்தது.
இருட்டில் வாசித்தேன்.
பக்கத்துச் சீட்டில் அவர்
அதே பெருவிரல்களால்
கச்சான் உரித்து என் கையில் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது எழுபத்தொரு வயது.
கடைசியாக ஒரு தொலைக்காட்சி நாடகம்,
கதாநாயகியின் செத்துப்போன தகப்பன்.
சுவரில் மாலை போட்ட படம், அவ்வளவுதான் பாத்திரம்.
நூற்றிருபது பகுதி.
அந்த வீட்டில் சண்டை, கலியாணம், திருட்டு
எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறார்.
எழுத்தோட்டத்தில் முதல்முறையாக
காத்தமுத்து பூபாலரெத்தினம்,
ஒரு எழுத்தும் பிசகாமல்.

நாடகம் முடிய அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி
இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.
நல்ல சட்டமாம், தேக்காம்.
பிளாஸ்டிக் மாலையை அவர் பார்க்குமுன்
அடுப்புக்குள் போட்டேன், ஒரே நாற்றம்.
ஸ்டூலில் ஏறி நான் ஆணி அடிக்கிறேன்.
கீழே ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு
அண்ணாந்து பார்க்கிறார்.
"இடப்பக்கம் கொஞ்சம்.
இல்லகா, கூடிட்டு.
கழற்று.
இன்னொரு டேக்."