முள் நகர்ந்தால் கடல் உண்மை

நகராட்சி அலுவலகத்தில் என் மேசைக்கு நேரே ஜன்னல்.
ஜன்னலுக்கு நேரே கிளாக்ஸ்விக் துறைமுகம்.
கூரையில் நான் திருகி வைத்த கேமராவும்
அதே துறைமுகத்தைத்தான் பார்த்தது,
என்னைவிட இரண்டு மாடி உயரத்திலிருந்து.

தூரிக்கு மலைக்கு அந்தப் பக்கம் வீடு.
காலையில் போன் வரும்.
"இன்றைக்கும் துறைமுகம் வரவில்லை.
சாம்பல் கட்டத்துக்குள் ஒரு புதிர்த்துண்டு வந்திருக்கிறது.
இதை எங்கே பொருத்துவது?"
செருகி இல்லை என்று அர்த்தம், என்பேன்.
எதில் செருக வேண்டும், என்பாள்.

ஜாவா கேட்டது. கொடுத்தோம்.
இந்த ஜாவா இல்லை, வேறு ஜாவா என்றது.
அது வந்த அன்றே ரியல் பிளேயருக்குக் கோபம்,
அரைமணிக்கு ஒருதரம் திரையின் மூலையில் வந்து நின்று
நான்தானே மூத்தவன் என்று கேட்டது.
குவிக்டைம் பணம் கேட்டது.
ஃப்ளாஷ் ஒன்றும் கேட்கவில்லை,
கணினியின் விசிறியை மட்டும்
ஹெலிகாப்டராக மாற்றியது.
தூரியின் பூனை அதற்குப் பிறகு
அந்த அறைப்பக்கம் போகவே இல்லை.

பங்காளிகளுக்கு வரப்பில் சண்டை,
வயலில் இருப்பது நெல்லா கோரையா
என்று எவனுக்கு ஞாபகம்?
எல்லோரையும் சமாதானம் செய்ய
ஒரு பொதுத் தரநிலை வரப்போகிறது என்றார்கள்.
வந்தது.
அதற்குள்ளேயே இரண்டு கட்சி.

அக்டோபரில் ஒரு வியாழன். போன்.

"ஹானுஸ் எப்போதோ வந்துவிட்டான்.
டெர்னன் கரையில் நிற்கிறது, சிவப்பு வயிறு தெரிகிறது.
உங்கள் பக்கம் வெயில்கூட அடிக்கிறது,
இங்கே பேய்மழை.
உருளைக்கிழங்கை இரண்டுதரம் வேகவைத்துவிட்டேன்.
நான்கு மணி நேரமாக
படகைக் கட்டிவிட்டு என்ன செய்கிறான்?
கொஞ்சம் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொல்."

பார்த்தேன்.
இங்கேயும் மழை.
டெர்னன் கட்டும் இடத்தில்
தண்ணீர் மட்டும் ஏறி இறங்கியது.
சங்கிலியில் தொங்கிய பழைய டயர்
சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

செருகி அவளுக்குச்
செவ்வாய்க்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது.
பிழைச் செய்தி இல்லை. புதிர்த்துண்டு இல்லை.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
எதையும் கேட்காமல், எதையும் தரவிறக்காமல்,
தெள்ளத் தெளிவாக
ஒரு பொய்.

"உறைந்துவிட்டது" என்றேன்.
"எது?"
"படம், தூரி. படம் மட்டும்."

அந்த 'மட்டும்' எங்கிருந்து வந்ததோ தெரியாது.
கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?
நான் கம்பி இழுக்கிறவன்.
மறுமுனையில் அவள் பேசவில்லை.
அடுப்பை அணைக்கும் 'டக்' கேட்டது,
பிறகு மழை.

டெர்னன் வெள்ளி மதியம் வந்தது,
ஆன்டெனா கம்பம் இல்லாமல்.
மூன்றாம் வேக்காட்டு உருளைக்கிழங்கை
ஹானுஸ் குறை சொல்லாமல் தின்றானாம்.
அதைச் சொல்லவும் போன் செய்தாள்.

சனிக்கிழமை நான் நிரலில் ஒரு வரிகூடத் தொடவில்லை.
அலுவலகச் சமையலறையில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி
மீன்பெட்டி அடுக்குக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில்
கேமராவுக்கு முகம் காட்டிக் கட்டினேன்.
முள் நகர்ந்தால் கடல் உண்மை, என்றேன் தூரியிடம்.
நின்றால் என்னைக் கூப்பிடு.
எந்த உலாவியிலும் வேலை செய்யும்,
ஒரு பேட்டரி போதும்.
காபி நேரம் தெரியாமல்
கணக்குப் பிரிவினர் ஒரு மாதம் என்னைத் திட்டினார்கள்.

இன்று ஜனவரி.
உப்பு உள்ளே போய்விட்டது போல,
ஆறின் மேல் கடற்பறவையின் எச்சம்,
முள் நான்கு பத்திலேயே நிற்கிறது.

போன் அடிக்கிறது.
எடுப்பதற்கு முன்
ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டுகிறேன்.
கண்ணாடி வழியாகப் பார்த்ததை
இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.